குளிரில் வைத்தும் ஏன் அழுகுகிறது?



சென்ற ரமலானில் நோன்புக் கஞ்சிக்கும், தேவையுள்ள குடும்பங்களுக்குத் தரும் இஃப்தார் பைகளுக்கும் காய்கறிகளை மொத்தமாக வாங்கி, வாடகைக்கு எடுத்த குளிர் அறை ஒன்றில் அடுக்கி வைத்தோம். பத்தாம் நோன்பன்று பார்த்தால் கேரட் மூட்டைகளில் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. தக்காளியில் கருப்புப் புள்ளிகள். வெண்டைக்காய் கருத்துக் கிடந்தது. பெரும்பகுதியைக் கொட்ட வேண்டியதாயிற்று. அறையில் பழுது எதுவும் இல்லை, தவறு எங்களுடையதுதான். நீங்கள் நம்பித் தந்த அமானிதம் அது என்பதால், எங்கே பிழைத்தோம் என்று விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம். வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இதில் பாதி பொருந்தும்.

குளிர் பூஞ்சையைக் கொல்வதில்லை, அதன் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கேரட்டை அழிக்கும் வெள்ளைப் பூஞ்சையும், பல காய்களில் வரும் சாம்பல் பூஞ்சையும் 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் மெல்ல வளரக்கூடியவை. வெள்ளைப் பூஞ்சை ஒரு கேரட்டிலிருந்து தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த கேரட்டுக்குத் தாவும். மூட்டைக்குள் ஒன்று கெட்டால் அதைச் சுற்றியுள்ளதெல்லாம் கெடுவது இதனால்தான்.

பூஞ்சை நுழையும் வாசல் பெரும்பாலும் காயம். மண்வெட்டி பட்டது, மூட்டையைத் தூக்கிப் போட்டதில் கன்றியது, நகம் கீறியது, எதுவானாலும் அதற்குப் போதும். நீலகிரி கேரட் இயந்திரத்தில் கழுவப்பட்டுச் சந்தைக்கு வருகிறது. பார்க்க அழகாக இருந்தாலும், தோல் உரசி, ஈரத்தோடு வருகிறது. நாங்கள் அந்த ஈரம் காயாமலேயே மூட்டையோடு உள்ளே தள்ளினோம். கேரட்டுக்கு ஈரப்பதமுள்ள காற்று வேண்டும், இல்லாவிட்டால் வாடிவிடும். ஆனால் அதன் மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த வித்தியாசம் எங்களுக்கு அன்று தெரியவில்லை. கதவை அடிக்கடி திறந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்க் காயின் மேல் வியர்த்துவிடும்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்தது. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் போன்றவை 0 முதல் 2 டிகிரியில் நன்றாக இருக்கும். தக்காளி, கத்தரி, வெள்ளரிக்கு 10 முதல் 12 டிகிரி போதும். வெண்டைக்கும் கிட்டத்தட்ட அதேதான். அதற்கு வெகுவாகக் கீழே போனால் திசு குளிரில் அடிபட்டுக் குழிவிழும்; அந்த இடத்தில் பூஞ்சை உட்கார்ந்துகொள்ளும். தக்காளிக்கு நாங்களே வாசல் திறந்து கொடுத்தது போல ஆயிற்று.

சின்ன வெங்காயத்துக்கு ஈரக் குளிரே ஆகாது. பெரம்பலூர் பக்கம் விவசாயிகள் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் தோலுக்கடியில் கரித்தூள் போலக் கருப்புப் பூஞ்சை வரும். வீட்டிலும் வெங்காயத்தை ஃப்ரிட்ஜில் வைக்காமல் கூடையில் பரப்பி வையுங்கள்.

இந்த ரமலானுக்கு, இன்ஷா அல்லாஹ், மூட்டையை விட்டுவிட்டு கிரேட்டில் வைக்கப்போகிறோம். கிரேட்டுகளை முதலில் சோப்பால் தேய்த்து, பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 4 சதவீத ப்ளீச் திரவம் 50 மில்லி கலந்து கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். (ப்ளீச்சோடு ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.) கீறல், கன்றல் உள்ள காய்களைப் பிரித்து அன்றன்றே கஞ்சிச் சட்டிக்கு அனுப்பிவிடுவோம். நல்ல காய்களை மட்டும் நிழலில் ஈரம் உலர்த்தி, சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போக இடம்விட்டு அடுக்குவோம். வாரம் இருமுறை இளைஞர் குழு பார்த்து, கெட்டதை வெளியே எடுக்கும். ஒரே நாளில் மாதத்துக்கும் வாங்கும் பழக்கத்தையும் விடுகிறோம். விலை சற்றுக் கூடினாலும், கொட்டிய கணக்கைப் பார்த்தால் அதுதான் லாபம்.

பல தாய்மார்கள் கேட்ட கேள்வி: “பூஞ்சை பிடித்த இடத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாமா?” கேரட், முட்டைகோஸ் போன்ற கெட்டியான காயில் சிறிய புள்ளி என்றால், அதைச் சுற்றியும் கீழேயும் ஓர் அங்குலம் தாராளமாக வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கத்தி பூஞ்சையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளி, வெள்ளரி போன்ற நீர்க்காய் என்றால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். அவற்றில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. சில பூஞ்சைகளின் நச்சு சூட்டில் அழிவதில்லை. வீண்விரயம் கூடாது என்று எண்ணி இதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இஃப்தார் பையில் குழைந்த காயோ பூஞ்சை பிடித்ததோ வந்தால் தயங்காமல் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஆள் இருப்பார்; மாற்றித் தருவோம். எந்த நாள் பை என்பதையும் சொன்னால், அந்தக் கிரேட்டை உடனே பிரித்துப் பார்க்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.