முட்டைக்குள் ஒரு காற்றறை

கோழி முட்டையின் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அடைகாக்கும் 21 நாள்களிலும் அவற்றின் வழியே முட்டையின் நீர் சிறிது சிறிதாக ஆவியாகும். நீர் குறையக் குறைய, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகும். ஓட்டை உடைக்கும் முன்னர்க் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அவ்வறையிலிருந்துதான்!

பொரிப்பானில் ஈரப்பதம் மிகுந்தால் காற்றறை சிறுத்துக் குஞ்சு மூச்சுத் திணறும். ஆதலால் முதல் 18 நாள்களுக்கு 50 முதல் 55 விழுக்காடு ஈரப்பதமே போதும். கருவி காட்டும் அளவை மட்டும் நம்பாமல், முட்டையை எடைபோட்டும் பார்ப்பது நன்று. 60 கிராம் முட்டை 18ஆம் நாளில் ஏறத்தாழ 53 கிராம் இருக்க வேண்டும்.

கடைசி 3 நாள்களில் நிலைமை மாறுகிறது. அப்போது ஈரம் குறைந்தால் உட்சவ்வு உலர்ந்து குஞ்சின் உடலில் ஒட்டிக்கொள்ளும். எனவே ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்குமேல் உயர்த்துவர். ஆவலால் மூடியைத் திறந்தால் அவ்வீரம் நொடியில் வெளியேறிவிடும்.