மாட்டுக்குப் போட்ட ஊசி பாலில் எத்தனை நாள்?

கறவை மாட்டுக்கு மடிவீக்க நோய் கண்டால் ஊசி போடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிகிறது. திரிந்து வந்த பால் பழையபடி வெள்ளையாக வருகிறது. மாடு குணமாகிவிட்டது என்று அன்றைக்கே பாலைச் சங்கத்தில் ஊற்றிவிடுகிறார்கள். நோய் போனது உண்மைதான். ஆனால் மருந்து போய்விடவில்லை. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாமல் அது பாலில் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பாலில் முதல் தம்ளர் பல வீடுகளில் மாட்டுக்காரரின் சொந்தக் குழந்தைக்குத்தான் போகிறது.

மருந்து போகும் வழி

சதையில் போட்ட ஊசி மருந்து அங்கேயே நின்றுவிடுவதில்லை. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றுகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றன. கறவை மாட்டில் மருந்து வெளியேற இன்னொரு வழியும் உண்டு. அதுதான் மடி. ஒரு லிட்டர் பால் சுரப்பதற்கு ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியே சென்று வரவேண்டும். ரத்தத்தில் மருந்து உள்ளவரை பாலிலும் அது இறங்கும்.

ஒரு காம்பில் மட்டும் டியூப் மருந்து ஏற்றினாலும் இதே கதைதான். அந்தக் காம்பின் பாலைக் கீழே ஊற்றிவிட்டு மற்ற மூன்று காம்புகளின் பாலை விற்பது தவறு. ஏற்றிய மருந்தில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வந்து சேரும். நான்கு காம்பின் பாலையும் ஒதுக்கவேண்டும்.

பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிருமிகள் சாகும், ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பாலானவை காய்ச்சினாலும் அழிவதில்லை.

குடிப்பவர்க்கு என்ன கெடுதல்?

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்குப் பாலில் உள்ள சிறு அளவே அரிப்பு, தடிப்பு முதலியவற்றை உண்டாக்கிவிடும்.

பால் தயிராவதற்கும் நல்ல நுண்ணுயிர்கள்தான் காரணம். மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் அவை செத்துப்போகும். தயிர் சரியாகத் தோயாது. ஆனால் தயிர் தோய்ந்துவிட்டதால் பாலில் மருந்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தோய்வதைத் தடுக்காத சிறு அளவும் இருக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. சிறு அளவு மருந்தை அடிக்கடி சந்திக்கும் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடுகின்றன. பிறகு மாட்டுக்கு வந்தாலும் மனிதருக்கு வந்தாலும் அந்த நோய் மருந்துக்குக் கேட்பதில்லை. கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்த கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2019ஆம் ஆண்டு தடை செய்தது. மற்ற மருந்துகள் பலிக்காத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்துகளில் அது ஒன்று.

எத்தனை நாள் பொறுப்பது?

இது மருந்துக்கு மருந்து வேறுபடும். ஒரே மருந்திலும் விரைவில் கரைவது உண்டு. பல நாள் வேலை செய்யும்படி மெதுவாகக் கரைவதும் உண்டு. இரண்டாவது வகை பாலில் அதிக நாள் வரும். பால் வற்றிய மாட்டுக்கென்று செய்த டியூப் மருந்து வாரக்கணக்கில் தங்கும். அதைக் கறவையில் உள்ள மாட்டுக்கு ஏற்றவே கூடாது.

மருந்துப் புட்டியின் சீட்டில் பாலுக்கு எத்தனை நாள், இறைச்சிக்கு எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்று அச்சிட்டிருக்கவேண்டும். அப்படி நாள் உறுதி செய்யப்படாத மருந்தாக இருந்தால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் பொறுக்கவேண்டும் என்று மருந்து விதிகளில் 2012ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. இந்த நாள்களை முதல் ஊசியிலிருந்து எண்ணக்கூடாது. கடைசி ஊசியிலிருந்து எண்ணவேண்டும்.

வேளைக்கு 4 லிட்டர் கறக்கும் மாடு என்றால் 7 நாளில் 56 லிட்டர் பால் வீணாகும். ஒரே மாட்டை நம்பி இருப்பவருக்கு இது சிறிய நஷ்டம் அல்ல. ஆகவே, பலன் குறையாமல் குறைந்த நாள் பொறுத்தால் போதும் என்ற மருந்து உண்டா என்று மருத்துவரிடம் ஊசி போடுவதற்கு முன்பே கேட்பது நல்லது.

ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்டக்கூடாது. கன்றின் வயிற்றில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர அது இடம் கொடுக்கும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளிக் குழிவெட்டி ஊற்றி மூடிவிடலாம்.

அளவும் நாளும் குறையக்கூடாது

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைத்துக் கொடுத்தால் கிருமிகள் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். ஐந்து நாள் சொன்ன ஊசியை, வீக்கம் வடிந்ததும் இரண்டாம் நாளே நிறுத்துவது இந்தத் தவறுதான். மிச்சமான கிருமி மடியில் பதுங்கியிருந்து அடுத்த ஈற்றில் தலைகாட்டும்.

மருந்தின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. தராசு இல்லாமலே எடையை மதிப்பிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் எடுக்கவும். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளத்தையும் எடுக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை ராத்தலில் வரும். அதை 2.2ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 64 அங்குலம், நீளம் 54 அங்குலம் என்றால் எடை சுமார் 335 கிலோ. பக்கத்து வீட்டுக் கலப்பின மாட்டுக்குச் சொன்ன அளவு குட்டையான நாட்டு மாட்டுக்குப் பொருந்தாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

மனிதர் ஊசி மாட்டுக்கு வேண்டாம்

மருந்தின் வேலை மாடு இறந்த பிறகும் ஓய்வதில்லை. 1990களில் நம் நாட்டில் கழுகு இனமான பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. காரணம் 2004ஆம் ஆண்டு பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசியே அது. அந்த மருந்து உடலில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2006இல் இந்த மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் அவற்றையும் நிறுத்தி, ஒரு வேளைக்கான 3 மில்லி புட்டியை மட்டும் அனுமதித்தார்கள். கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகிய இரண்டும் 2023இல் கால்நடைகளுக்குத் தடையாயின. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் மிஞ்சியுள்ள கழுகுகளுக்கு, சுற்றுவட்டார மாட்டுக்காரர் கையில் உள்ள ஊசிதான் வாழ்வும் சாவும். மாட்டின் வலிக்கு மெலாக்சிகம் என்ற மருந்து உண்டு. கழுகுக்கு அது கெடுதல் செய்வதில்லை.

ஊசிக்கு வேலை வைக்காதிருக்க

மடிநோயைத் தடுத்துவிட்டால் மருந்தும் வேண்டாம், பால் நஷ்டமும் இல்லை. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைக்கவும். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியின் மேல் பீய்ச்சிப் பார்க்கவும். திரிதிரியாக இருந்தால் நோயின் முதல் அறிகுறி. பாலை முழுவதும் கறந்துவிடவும். கறந்தபின் காம்பின் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும். அரை மணி நேரமாவது மாடு படுக்காதபடி தீவனம் போடவும். நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறக்கவும்.

நோயின் தொடக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகை மருந்து கைகொடுக்கும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைக்கவும். ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவியபின் முழுவதும் பூசவும். ஒரு நாளில் 10 தடவை வீதம் 5 நாள் பூசவேண்டும். காய்ச்சல் இருந்தாலும், மாடு தீவனம் எடுக்காவிட்டாலும், மடி கல்போல் இறுகினாலும் இதை நம்பித் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்கவும்.

ஊசி போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், மருத்துவர் கிளம்புமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளவேண்டும். மருந்தின் பெயர் என்ன? எத்தனை நாள் போடவேண்டும்? கடைசி ஊசிக்குப்பின் எத்தனை நாள் பாலை ஒதுக்கவேண்டும்? பதிலைத் தொழுவத்து நாள்காட்டியில் குறித்து, மாட்டின் கொம்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால், யார் கறக்க வந்தாலும் தெரியும். நாள் முடிந்த பிறகே அதை அவிழ்க்கவேண்டும்.