கல்முனைக் கடற்கரைப் பள்ளி

மகான் ஒருவர் அடங்கிய இடத்திலே தர்கா எழுவது வழக்கம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலோ எந்த மகானும் அடக்கம் செய்யப்படவில்லை. நாகூர் ஆண்டகை எனப் போற்றப்படும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்த தலம் அது. வட இந்தியாவின் மாணிக்கப்பூரிலே பிறந்து, பதினாறாம் நூற்றாண்டிலே நாகூரில் மறைந்தவர் அப்பெரியார். அவருடைய கப்ரு அங்கிருக்க, இக்கரையில் மற்றொரு கட்டடம் எதற்கு?

விடை கடலில் இருக்கின்றது. சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலம் செலுத்திய முஸ்லிம்கள் அவரைத் தம் பயணக் காவலராகக் கொண்டனர். ஓட்டை விழுந்த கப்பலொன்றைத் தொலைவில் இருந்தவாறே முகம்பார்க்கும் கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. வணிகம் சென்ற துறைகளுக்கு அவர் பெயரும் சென்றது. பினாங்கில் ஒரு நாகூர் தர்கா உண்டு. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் வீதித் தர்கா 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்றது. இப்பொழுது அது மரபுடைமை நிலையம். அங்கும் அடக்கம் இல்லை.

கல்முனைக் கொடியேற்று விழாவின் கணக்கு இருநூறைத் தாண்டிவிட்டது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களே கொண்டது. ஆகவே இருநூறு விழாக்கள் சூரியக் கணக்கில் 194 ஆண்டுகளே. (மாணவர் இதனை மறந்துவிடுவர்.) அவ்வாறு நோக்கின், சிங்கப்பூர்த் தர்காவும் நமது தலமும் ஏறக்குறைய ஒரே தலைமுறையின் ஆக்கங்கள் எனலாம்.

இத்தலங்களின் கட்டட அமைப்பை விளங்கிக்கொள்ள நாகூரிலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே மினாராக்கள் ஐந்து. அவற்றுள் உயர்ந்தது 131 அடி. கட்டுவித்தவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். தொழுகைப் பள்ளியின் மினாரா பாங்கொலிக்கு உரியது என்போம். தர்காவின் மினாராவோ கொடி தாங்கவும் நிற்கின்றது. சிங்கப்பூர்த் தர்காவின் மூலைகளிலே பதினான்கு தட்டுகள் கொண்ட மினாராக்கள் உண்டு. கீழ்த்தளத்திலே மேனாட்டுத் தூண்களும் வளைவுகளும் காணலாம். அந்தந்தத் துறையின் கைவண்ணம் கலந்தாலும் மினாராவை எவரும் விட்டுவிடவில்லை. கல்முனையிலும் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் மினாராவில் கொடி ஏறுகின்றது. கொடியேற்றம் என்ற சொல்லையே கவனியுங்கள். இக்கரையின் கோவிலுக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் அதே சொல்தான்.

அடக்கமற்ற இடத்திற்கு ஸியாரம் எதற்கு, மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று வினவுவோர் நம் ஊர்களிலும் உளர். அவ்வினாவை ஆலிம்களுக்கு விட்டுவிடுகிறேன். ஊர் வரலாற்றின் சாட்சியாக இக்கட்டடத்துக்கு உள்ள மதிப்பு வேறு.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அருகிலிருந்த வீடுகள் அழிந்தன. கடற்கரைப் பள்ளி பெருஞ்சேதம் அடைந்தும் வீழவில்லை. பின்னர் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீட்டருக்குள் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. அவ்விதி பிற்பாடு தளர்த்தப்பட்டது. அதற்குள் கரையோரக் குடும்பங்கள் பல உட்புறம் சென்று குடியேறிவிட்டன. ஆயினும் கொடியேறும் நாளில் அவர்கள் கடற்கரைக்கு வருகின்றனர். பன்னிரண்டு நாள் மவ்லிது ஓதி, கந்தூரிச் சோறு பகிர்ந்துகொண்டே வீடு திரும்புகின்றனர்.