வளைந்த பரப்பில் லேசர் பொறிப்பு

வளைந்த பரப்பில் லேசர் பொறிப்பு என்பது குவளை, தண்ணீர்ப் புட்டி, பேனா, வளையல், கண்ணாடிக் கிண்ணம் போன்ற தட்டையாக இல்லாத பொருள்களின் மீது லேசர் கற்றையைக் கொண்டு எழுத்தையோ ஓவியத்தையோ அழியாதவாறு பதிக்கும் முறை ஆகும். மையோ ஒட்டுத்தாளோ இதற்குத் தேவையில்லை. கற்றை விழும் இடத்தில் மேற்பரப்பு ஆவியாகிறது, அல்லது நுண்ணிய சில்லுகளாக உடைகிறது, அல்லது நிறம் மாறுகிறது. லேசருக்குத் தமிழில் சீரொளி என்ற சொல்லும் வழங்குகிறது.

தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் குடத்திலும் டம்ளரிலும் பெயர் வெட்டித் தருபவர்கள், கையில் பிடிக்கும் அதிர்வு எந்திரத்தின் ஊசிமுனையால் புள்ளி புள்ளியாக எழுதுகிறார்கள். குடத்தின் வளைவு அவர்களுக்கு ஒரு தடையே இல்லை. கை வளைவோடு சேர்ந்து போகிறது. முனை எப்போதும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. லேசர் எந்திரத்துக்கு அந்தக் கை கிடையாது. தனக்குக் கீழே, குறிப்பிட்ட ஒரு தூரத்தில், சமதளம் ஒன்று இருப்பதாகக் கொண்டே அது இயங்குகிறது. வளைந்த பொருளில் பொறிக்கும் உத்திகள் அனைத்தும் இந்தக் குறையை ஈடுசெய்ய வந்தவையே.

குவியம் தவறுவது ஏன்?

லேசர் கற்றையை ஒரு வில்லை சிறு புள்ளியாகக் குவிக்கிறது. கரியமில வாயு லேசர் எந்திரங்களில் பரவலாகப் பயன்படும் வில்லையின் குவியத் தூரம் 50.8 மி.மீ., அதாவது 2 அங்குலம். அதில் கிடைக்கும் புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.1 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கும். குவியத்திலிருந்து மேலும் கீழும் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. வரைதான் இந்தக் கூர்மை நிற்கும். அதற்கு அப்பால் புள்ளி பெருக்கிறது, வெப்பம் பரவிப்போகிறது, கோடு மங்குகிறது.

80 மி.மீ. விட்டமுள்ள குவளை ஒன்றைப் படுக்கவைத்து, அதன் உச்சியில் குவியத்தை அமைத்ததாகக் கொள்வோம். குவளையை அசைக்காமல் 20 மி.மீ. அகலத்துக்கு ஓர் எழுத்தைப் பொறித்தால், அதன் ஓரங்களில் பரப்பு 1.27 மி.மீ. தாழ்ந்திருக்கும். இது பரவாயில்லை. அகலத்தை 40 மி.மீ. ஆக்கினால் தாழ்வும் இரண்டு மடங்காகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பிதாகரஸ் தேற்றத்தின்படி கணக்கிட்டால் 5.36 மி.மீ. வருகிறது, நான்கு மடங்குக்கும் மேல். அந்த ஓரத்தில் கற்றை 30 பாகை சாய்வில் விழுவதால் புள்ளி நீள்வட்டமாகி, ஒரு திசையில் 15 விழுக்காடு நீண்டும் விடுகிறது. பெயரின் நடு எழுத்து கருகருவென்றும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சாம்பல் பூத்தாற்போலவும் இருக்கும் பொறிப்புகளுக்கு இதுவே காரணம். திறனைக் கூட்டினால் இது சரியாவதில்லை. நடுப்பகுதி கருகுவதுதான் மிச்சம்.

ரோட்டரி

ஆகவே கற்றையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு பொருளைச் சுழற்றுகிறார்கள். எந்திரத்தில் முன்னும் பின்னும் நகரும் அச்சின் மோட்டாருக்குப் பதிலாகச் சுழல் இணைப்பின் மோட்டார் பொருத்தப்படுகிறது. இதை ரோட்டரி என்பார்கள். கற்றை எப்போதும் குவளையின் உச்சிக்கோட்டில் மட்டும் விழுவதால் குவியமும் மாறாது, சாய்வும் ஏற்படாது.

ரோட்டரி இரு வகைப்படும். ஒன்று, லேத் பட்டறையில் உள்ளது போன்ற சக் கொண்டு பொருளின் ஒரு முனையைப் பற்றிச் சுழற்றுவது. மற்றொன்று, இரண்டு உருளைகளின் மேல் பொருளைப் படுக்கவைத்து உருட்டுவது. உருளை வகையில் உருளையின் பரப்பு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே பொருளின் பரப்பும் நகரும். பொருளின் விட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வழவழப்பான புட்டி வழுக்கும். ஒரு மி.மீ. வழுக்கினாலும் வரிகள் விலகிப்போகும். காதுள்ள குவளை முழுச் சுற்றுச் சுற்றவும் முடியாது. காது உருளையில் இடிக்கும். சக் வகை வழுக்காது, ஆனால் விட்டத்தைச் சரியாகத் தர வேண்டும். 80 மி.மீ. குவளைக்கு 75 என்று தந்துவிட்டால், சுற்றளவு 251.3 மி.மீ. என்பதற்குப் பதில் 235.6 மி.மீ. என எந்திரம் கருதும். சுற்றிவரும் பூவேலை தொடங்கிய இடத்தில் வந்து சேரும்போது கிட்டத்தட்ட 16 மி.மீ. கணக்குத் தவறும்.

விளிம்பு தடித்த குவளையின் விட்டத்தை வாயின் குறுக்கே அளவுகோல் வைத்து அளப்பது நம்பத்தக்கதன்று. பொறிக்கப்போகும் இடத்தில் நூலைச் சுற்றி, அந்த நீளத்தை 3.1416 ஆல் வகுப்பது எளிது, துல்லியமும் கூட. அதன்பின் அதே இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறைந்த திறனில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால், பொருள் பாழாகும் முன்பே தவறு தெரிந்துவிடும்.

உலோகத்தில் குறியிடும் நாரிழை லேசர் எந்திரங்களில் கற்றையை இரு சிறு ஆடிகள் திசைதிருப்புகின்றன. அங்கே மென்பொருள் ஓவியத்தை மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டை முடிந்ததும் பொருளைச் சிறிது சுழற்றி, அடுத்ததைத் தொடங்கும். பட்டை அகலமானால் இணைப்புக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும்.

கூம்பும் கோளமும்

கடைகளில் கிடைக்கும் டம்ளர்களில் பெரும்பாலானவை உருளை அல்ல. 10ஆம் வகுப்புக் கணக்கில் வரும் கூம்பின் இடைக்கண்டம். மேல்விட்டம் 90, அடிவிட்டம் 70, உயரம் 150 மி.மீ. எனில், படுக்கவைத்தபோது உச்சிக்கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 10 மி.மீ. சரிந்திருக்கும். சக்கைச் சுமார் 3.8 பாகை சாய்த்தால் கோடு மட்டமாகிவிடும். ஆனாலும் அடியில் சுற்றளவு குறைவு என்பதால் ஓவியம் கீழே வரவர 22 விழுக்காடு வரை ஒடுங்கும். 20 மி.மீ. உயரமுள்ள பெயரில் இந்த ஒடுக்கம் 3 விழுக்காடுதான். அதற்காக மெனக்கெடத் தேவையில்லை. டம்ளர் முழுவதும் படரும் ஓவியமாக இருந்தால், வடிவத்தைக் கணினியில் எதிர்த்திசையில் விரித்துக்கொள்ள வேண்டும்.

உருளையையும் கூம்பையும் வெட்டி விரித்தால் தட்டையான தாளாகும். கோளம் ஆகாது. ஆரஞ்சுத் தோலை மேசையில் அழுத்தினால் அது கிழியத்தான் செய்யும். கோளப் பரப்பைச் சிதைவின்றிச் சமதளமாக்க முடியாது என்பதைக் காஸ் 1827இல் கணிதவழி நிறுவினார். உலகப் படம் வரைபவர்களுக்கு உள்ள அதே சிக்கல்தான் பந்தில் படம் பொறிப்பவருக்கும். எனவே பந்தில் நடுவரையை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும் பொறிப்பதே வழக்கம். மூன்றாவது நகரும் வில்லை ஒன்றைச் சேர்த்து, கற்றை நகர நகரக் குவியத் தூரத்தையும் மாற்றும் எந்திரங்களும் உண்டு. பொருளின் முப்பரிமாண மாதிரி கணினியில் இருந்தால்தான் அவை பயன்படும்.

தொழிற்சாலைகளில் இந்த முறை பெரிய அளவில் பயன்படுவது அச்சுத் துறையில். நெகிழி உறை அச்சடிக்கும் எந்திரத்தில் மையை அளந்து தரும் அனிலாக்ஸ் உருளையின் பீங்கான் பூச்சில், கண்ணுக்குத் தெரியாத மைக்குழிகளை லேசரே பொறிக்கிறது. குழிகள் ஒரே ஆழத்தில் அமையாவிட்டால் உறையின் நிறம் இடத்துக்கு இடம் மாறும்.

எந்தப் பொருளுக்கு எந்த லேசர்

மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கரியமில வாயு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மரம், தோல், கண்ணாடி ஆகியவை இதை நன்றாக உட்கவரும். வெற்று உலோகம் பெரும்பகுதியை எதிரொளித்துவிடும். வண்ணத் தூள்பூச்சு உள்ள எஃகுப் புட்டியில் இந்த லேசர் பூச்சை மட்டும் நீக்க, அடியிலுள்ள எஃகு எழுத்தாகத் தெரிகிறது. கண்ணாடியில் ஈரத்தாள் ஒட்டியோ சோப்புக் கரைசல் தடவியோ பொறித்தால் சில்லுகள் பெயர்வது குறையும்.

வெற்று உலோகத்துக்கு ஏறத்தாழ 1.06 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள நாரிழை லேசர் ஏற்றது. துருப்பிடிக்காத எஃகைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். மிகையான வெப்பம் அந்தப் படலத்தைக் கெடுத்துவிட்டால் பொறித்த எழுத்திலேயே துரு ஏறும். அலங்காரப் புட்டியில் அது அழகுக்குறை மட்டுமே. திரும்பத் திரும்ப நீராவியில் தூய்மைப்படுத்தப்படும் அறுவைக் கருவியில் அதை ஏற்க முடியாது.

ஆபத்துகள்

பி.வி.சி. பொருளில் எக்காரணம் கொண்டும் லேசர் பொறிப்புச் செய்யக்கூடாது. அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலை அரிக்கும், எந்திரத்தையும் அரிக்கும். ஒட்டாப் பூச்சுள்ள பாத்திரங்களிலிருந்தும் நச்சுப்புகை வரும். இன்ன பொருள் என்று தெரியாத நெகிழியை எந்திரத்தில் வைக்காமல் இருப்பதே நல்லது.

கண்ணுக்கான ஆபத்து வளைந்த பொருளில் கூடுதல். தட்டையான தகடு கற்றையை ஏறத்தாழ வந்த திசைக்கே திருப்பும். பளபளப்பான குவளையோ, கற்றை விழும் இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு பக்கமாக வீசும். 10.6 மைக்ரோமீட்டர் கதிர் விழியின் முன்படலத்தைச் சுடும். 1.06 மைக்ரோமீட்டர் கதிர் அதையும் கடந்து விழித்திரையில் குவிந்து, ஆறாத புண்ணை உண்டாக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் இமை தானாக மூடிக் காப்பதும் இல்லை. கரியமில வாயு லேசர் எந்திரத்தின் தெளிந்த அக்ரிலிக் மூடி அதன் கதிரைத் தடுத்துவிடும். அதே அக்ரிலிக் நாரிழை லேசரின் கதிரைத் தங்குதடையின்றி உள்ளே விடும். பாதுகாப்புக் கண்ணாடி வாங்கும்போது அதில் அச்சிடப்பட்டுள்ள அலைநீளம், பயன்படுத்தும் லேசரின் அலைநீளத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.