உங்களுக்குத் தெரியுமா? தேரிலிருந்து இறங்கிய ‘ஜகர்நாட்’

எதிரில் யார் நின்றாலும் அடித்துத் தள்ளிக்கொண்டு போகிற ஆளையோ அணியையோ ஆங்கிலத்தில் ‘ஜகர்நாட்’ என்பார்கள். சாட்சாத் பூரி ஜெகந்நாதர் பெயர்தான் அது! இந்தியாவில் தேர்ச்சக்கரத்தடியில் பக்தர்கள் விழுந்து உயிர்விடுவதாக 14ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியத் துறவி ஒடொரிக் எழுதிவைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன இடம் மாபார், அதாவது நம் சோழமண்டலக் கரை. பேர் மட்டும் பூரித் தேருக்கு! பிரிட்டனில் ராட்சத லாரியும் ‘ஜகர்நாட்’தான்.

தேர் அடங்காததா என்ன? சித்திரையில் அவிநாசித் தேரோட்டத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். அத்தனை பெரிய தேரையும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டே திருப்புகிறார்கள். நிறுத்துவதும் அதே கட்டைதான்.