தாழொலியும் அதன் எல்லையும்

இசை கேட்டு இன்புறுதற்குரிய கருவிகள் இந்நாளில் இல்லந்தோறும் புகுந்துவிட்டன. முன்னாளில் வானொலிப் பெட்டி ஒன்று வீற்றிருந்த கூடத்து மூலையில், இன்று சிறிய ஒலிபெருக்கிகள் இரண்டோ ஐந்தோ நிற்க, அவற்றோடு கனத்த பெட்டியொன்றும் நிலத்தில் இருக்கக் காண்கின்றோம். சப்வூபர் எனப்படும் அப்பெட்டியே தாழொலிகளைத் தருவது. அதன் பின்புறத்தில் குறொசோவர் என்று குறிக்கப்பட்ட திருகி ஒன்று பெரும்பாலும் உண்டு. அதனை எவ்வெண்ணில் நிறுத்துதல் தகும் என்று ஆராய்வார் சிலரே. தாழொலி மிகுந்தால் இசை சிறக்கும் என்று கருதி, அதனை இறுதிவரை திருகிவிடுவார் பலர். அதனால் விளையுங் கேடு சிறிதன்று. மிருதங்கத்தின் தொப்பியொலி அளவிறந்து முழங்குவதோடு, பாடுவோர் சொல்லும் பேசுவோர் சொல்லும் மங்கிவிடுகின்றன. சொல் மங்கின் பொருளும் மங்கும். எழுத்தை ஒலியென்றே நன்னூலார் கொண்டனராகலின், தமிழ் கற்பிக்கும் யாம் ஒலியைப் பற்றி எழுதப் புகுந்தமை பொருத்தமற்றதன்று.

முதற்கண் ஒலியின் இயல்பை நோக்குவோம். மனிதர் செவி செக்கனுக்கு ஏறக்குறைய 20 அதிர்வு தொடக்கம் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. இவ்வதிர்வின் எண்ணிக்கையே மீடிறன்; அதன் அலகு ஹேட்ஸ். பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 ஹேட்ஸ். ஆண்மக்கள் பேசுங் குரலின் அடிப்படை மீடிறன் பெரும்பாலும் 85 ஹேட்சுக்கும் 180 ஹேட்சுக்கும் இடைப்பட்டது. ஒலியானது காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர் செல்வதாகலின், 1,000 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 34.5 சதமமீற்றராக, 40 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளமோ 8.6 மீற்றராகின்றது. ஒரே வன்மையோடு ஒலித்தற்கு, ஒரு ஸ்தாயி கீழிறங்குந்தோறும் ஒலிபெருக்கியின் கூம்பு நான்மடங்கு அசைதல் வேண்டும். சிறிய கூம்புக்கு இஃது இயலாது. ஆகவே, தாழொலியைப் பெரிய கூம்புக்கும் ஏனையவற்றைச் சிறிய கூம்புகளுக்கும் பகுத்துக் கொடுக்கும் முறை எழுந்தது. அப்பகுப்பு நிகழும் எல்லையே குறொசோவர் மீடிறன்.

இவ்வெல்லை சுவரைப் போன்றதன்று, சரிவைப் போன்றது. திருகியை 80இல் நிறுத்தினால் 81 ஹேட்ஸ் ஒலி அற்றுப்போவதில்லை. எல்லைக்கு அப்பால் ஸ்தாயிக்கு 12 அல்லது 24 டெசிபெல் வீதம் படிப்படியாகக் குறைகின்றது. 1976ஆம் ஆண்டில் சீக்பிரீட் லிங்விற்ஸ் என்பார் வெளியிட்ட ஆய்வினின்றும், அவரோடு உழைத்த றஸ் றைலி என்பாரின் பெயருஞ் சேர்ந்து வழங்கும் முறையொன்று தோன்றியது. அம்முறையில் எல்லை மீடிறனிலே இரு பகுதியும் 6 டெசிபெல் தாழ்ந்து நிற்கும். இரண்டும் ஒத்துக் கூடும்போது குறைவும் மிகையுமின்றி ஒலி நிரம்பும்.

இலக்கணம் பயின்றோர்க்கு இதனைப் புணர்ச்சியைக் கொண்டு விளக்கலாம். சப்வூபரை நிலைமொழியாகவும் பிற ஒலிபெருக்கிகளை வருமொழியாகவுங் கொள்க. 60 ஹேட்ஸ் வரை இறங்கவல்ல ஒலிபெருக்கிகளை முழுமையாக ஒலிக்கவிட்டு, சப்வூபரை 120 வரை ஏறவிடின், இடைப்பட்ட பகுதி இருமுறை ஒலித்து மிகும். இது தோன்றலை ஒக்கும். 100 ஹேட்சுக்குக் கீழ் இறங்கமாட்டாதவற்றோடு சப்வூபரை 60இல் நிறுத்தின், இடையில் வெறுமை நேரும். இது கெடுதலை ஒக்கும். இரண்டும் ஓரெல்லையிற் கூடியும் அசைவில் மாறுபடின், ஒலியின் தன்மை வேறாகும். இது திரிதலை ஒக்கும். விகாரமின்றி இயல்பாகப் புணரச் செய்தலே நம் நோக்கமாதல் வேண்டும்.

அதற்கு வழி யாது? உம்முடைய ஒலிபெருக்கிகள் எத்துணைத் தாழ இறங்கவல்லன என்பதை அவற்றோடு வரும் கைந்நூலிற் காண்க. அவ்வெல்லைக்கு 10 முதல் 20 ஹேட்ஸ் வரை மேலாகக் குறொசோவரை நிறுத்துக. 60 வரை இறங்குவனவற்றுக்கு 80 பொருந்தும். பொதுவகையாற் கூறின், உள்ளங்கையளவான சிறு பெட்டிகளுக்கு 100 முதல் 120 வரையும், புத்தகத் தட்டில் வைக்கத்தக்கவற்றுக்கு 80 முதல் 100 வரையும், நிலத்தில் நெடிது நிற்பனவற்றுக்கு 60 முதல் 80 வரையும் ஏற்றனவாம். ஐயமுறின் 80இல் தொடங்குக. அதனினுந் தாழ்ந்த ஒலி எத்திசையினின்று வருகின்றதென்பதைச் செவி எளிதில் அறியாது. 1983இல் லூக்காஸ்பிலிம் நிறுவனத்தில் தொம்லின்சன் ஹோல்மன் என்பாரின் முயற்சியால் தோன்றிய ரி.எச்.எக்ஸ் முறையும், பின்னாளில் இல்லங்களுக்கு வகுத்த நெறியில் 80 ஹேட்சையே கொண்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அம்பிளிபயரே ஒலியைப் பகுத்துத் தருமாயின், சப்வூபரின் திருகியை மிகவுயர்ந்த எண்ணில் வைத்தல் வேண்டும்; அன்றேல் பகுத்ததையே மீண்டும் பகுத்ததாகும். அம்பிளிபயர் பகுத்துத் தராதவிடத்து மட்டுமே அத்திருகிக்கு வேலையுண்டு. அப்போது ஏனைய ஒலிபெருக்கிகள் முழுவொலியையும் பெறுமாகலின், அவை இயல்பாக ஓயும் மீடிறனுக்கு அண்மையிலேயே திருகியை நிறுத்துக.

அடுத்து, 0 என்றும் 180 என்றும் குறித்த ஆளியை இருபக்கமும் மாற்றிப் பார்த்து, இருக்கையிலிருந்து கேட்கையில் எல்லைக்கு அண்மையிலுள்ள தாழொலி எப்பக்கத்தில் நிறைந்து கேட்கின்றதோ அப்பக்கத்தில் விடுக. பெட்டியை வைக்கும் இடமும் முக்கியமானது. 5 மீற்றர் நீளமான அறை 34.5 ஹேட்சில் தானே முழங்கும் இயல்பினது. மூலையில் வைத்தால் அம்முழக்கம் மிகும். சப்வூபரை இருக்கையில் வைத்து ஒலிக்கச் செய்து, அறையைச் சுற்றி நிலத்தோடு தவழ்ந்து கேட்டு, ஒலி தெளிவாயிருக்கும் இடத்தைக் கண்டு அங்கே பெட்டியை வைப்பது நல்ல முறை. ஒலியின் அளவை இறுதியிலேயே திருத்துக.

பின்பு சோதனை. ஆண்குரலிற் செய்தி வாசிப்பதைக் கேட்பிக்க. குரல் நிலத்துப் பெட்டியினின்று எழுவதுபோற் றோன்றின், எல்லை மிகவுயர்ந்துள்ளது என்று அறிந்து இறக்குக. அதன்பின் மிருதங்கத்தைக் கேட்க. தொப்பியொலி தனித்தனி அடியாகப் பிரிந்து கேட்டல் வேண்டும். ஓரடியின் முழக்கம் அடுத்த அடியை மூடலாகாது.

இறுதியாக, விழா மண்டபங்களில் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் பேணும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். தாழொலி மிகின் உயர்ந்த ஒலிகளைச் செவி கேளாவண்ணம் மறைக்கும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் சகரம் முதலிய மெய்யொலிகளின் கூறுகளோ உயர்ந்த மீடிறன்களிலேயே பெரிதும் உள்ளன. முதுமையிற் செவி முதலில் இழப்பதும் அவற்றையே. எனவே, தாழொலி மிகுந்த மண்டபத்தில் இளைஞர்க்கு ஒருவாறு விளங்கும் பேச்சு, நரைத்த தலையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்க்கு வெறும் இரைச்சலாகவே கேட்கும். பேசுவார்க்குரிய ஒலிவாங்கிக்குத் தாழொலி குறைக்கும் ஆளி இருப்பின், 80 முதல் 100 ஹேட்ஸ் வரையுள்ள எல்லையில் அதனை இயக்குக. பேச்சைச் சப்வூபருக்கு விடாதொழிக. வெகுதூரம் பயணஞ்செய்து வந்த முதியவர் ஒருவர், தம் ஆசிரியரைப் பற்றிப் பிறர் கூறும் நான்கு சொற்களைத் தெளிவாகக் கேட்டுச் செல்வாராயின், அத்திருகியைச் சிறிது இறக்கியமை பயனுடைய செயலேயாம்.