சாரைக்குக் கூண்டு வேண்டாம், வரப்பு போதும்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். இது போன்ற கடலோர ஊர்களில் கிழிந்த நைலான் வலையை யாரும் தூக்கி எறிவதில்லை. ஆடு, கோழி நுழையாமல் கொல்லையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். எலியைத் துரத்தி வரும் சாரைப் பாம்பு அந்த வலையில் மாட்டிக்கொள்கிறது. தலை நுழையும்; உடம்பு நுழையாது. முறுக்க முறுக்க நூல் இறுகும். வெயிலில் கிடந்து செத்துப்போகும்.

எலித் தொல்லை தாங்காமல், ஒரு சாரையைப் பிடித்து வீட்டிலேயே வளர்த்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. செல்போனில் பாம்பைத் தோளில் போட்டு நிற்பவர்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வருகிறது. செய்யக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி ஆகியவற்றைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. மண்ணுளிக்கு இரண்டு தலை, லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி வருகிறவர் ஏமாற்றுக்காரர்.

வெளிநாடுகளில் புதிதாக வளர்ப்பவர்கள் வாங்குவது பெரும்பாலும் அமெரிக்காவின் கார்ன் பாம்பு அல்லது ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். கார்ன் பாம்பு நம் சாரையின் குடும்பம்தான். பூட்டிய பெட்டி, அளவான சூடு, ஒளிய இடம், தண்ணீர், இரையாக எலி என்று இருபது வருடம்கூடப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பால் பைத்தான் வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சம்சாரிக்கு இது தேவையில்லாத செலவு.

பாம்பைக் கையாளத் தெரிந்த இருளர்களே அதை நிரந்தரமாக அடைத்து வைப்பதில்லை. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அரசு அனுமதியோடு பாம்புகளை மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறது. அச்சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சாரைக்கு விஷமில்லை. எலி வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளோடு தின்றுவிடும். எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். பெரிய வட்டக் கண், உதட்டில் கறுப்புக் கோடுகள், ஆறடிக்கு மேலும் வளரும் நீளம், இவைதான் அடையாளம். நாகம் படம் எடுக்காதபோது சாரை போலவே தெரியும் என்பதால் கிட்டே போய்ப் பார்க்க வேண்டாம். நல்ல பாம்போடு சாரை இணைகிறது என்பது வெறும் நம்பிக்கை. பின்னிக்கொண்டு எழும்புவது பெரும்பாலும் சண்டை போடும் இரண்டு ஆண் சாரைகள்.

வளர்க்க விரும்புபவர் வயலிலேயே வளர்க்கலாம். வீட்டை விட்டுத் தள்ளி, வரப்பு முனையில் கல்லும் காய்ந்த மட்டையும் குவித்து வையுங்கள். எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்னும் பாம்பும் ஆந்தையும் சேர்ந்து சாகலாம், கிட்டி வையுங்கள். சாரை கோழிக்குஞ்சையும் முட்டையையும் எடுக்கும், அதை மறைக்க வேண்டாம். கோழிக் கூட்டுக்கு அரை அங்குலக் கம்பி வலை அடித்தால் போதும். நைலான் வலை வேலியைத் தரையை விட்டு ஒரு முழம் தூக்கிக் கட்டலாம். கோழி நுழையும் என்றால் கீழே தென்னை மட்டை வைத்து மறைக்கலாம். வலையில் பாம்பு மாட்டியிருந்தால், தள்ளி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ (101) சொல்லுங்கள்.

மீனவர் வலையில் வருவது வேறு. துடுப்பு போலத் தட்டையான வால் இருந்தால் அது கடல் பாம்பு, கடும் விஷம். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். கடல் பாம்புக்கு வேலை செய்யாது. வெறுங்கையால் தொடாமல் கழியால் எடுத்துக் கடலில் விடுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடல் பாம்புக் கடி முதலில் வலிக்காமலும் இருக்கலாம் என்பதால், வலி இல்லையே என்று படகிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது.